சீக்குவென்சிங்: அடுக்குவதா, படிப்பதா?

சென்ற மாதம் அடையாற்றில் நடந்த ஓர் அறிவியல் கூட்டத்தில், உயிர்த் தகவலியல் அறிஞர் ஒருவரை அறிமுகப்படுத்தியவர், "இருபது ஆண்டுகளாக மரபணுக்களை வரிசைப்படுத்தி வருபவர்" என்று முழங்கினார். பேச்சு முடிந்ததும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து, "அதற்கு முன் அவை கலைந்தா கிடந்தன, அம்மா?" என்று கேட்டார். அறிஞர் சிரித்துவிட்டு, "நான் எதையும் அடுக்குவதில்லை ஐயா, இருப்பதைப் படிக்கிறேன்" என்றார். மரபுப்பொருளான டி.என்.ஏ-வின் வேதி எழுத்துகள் எந்த முறையில் அமைந்துள்ளன என்று கண்டறிவதே சீக்குவென்சிங்; அதற்கு ஈடாக 'வரிசைப்படுத்தல்' என்ற சொல்லைப் பெருந்தொற்றுக் காலம் தொட்டுக் கேட்டுக் கேட்டுச் சலித்திருந்த எனக்கு அந்த விடை தேனாக இருந்தது.

சீக்குவென்ஸ் என்பது 'பின்தொடர்' எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. தமிழில் 'வரிசை' என்பதில் எனக்கு வழக்கில்லை. ஆங்கிலத்தில் அதையே வினையாக்கினால் வரிசையாக அமைத்தல், இருக்கும் வரிசையைக் கண்டறிதல் என இரு பொருள்கள் உண்டு. உயிரியலுக்கு உரியது இரண்டாவது. 1977-இல் ஃபிரெடரிக் சாங்கர் குழுவினர் பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு சிறு நச்சுயிரியின் ஐயாயிரத்துச் சொச்சம் எழுத்துகளைக் கண்டறிந்து வெளியிட்டார்களே தவிர, அவற்றுள் ஒன்றையும் இடம் மாற்றவில்லை. நம் மொழிபெயர்ப்பாளர்களோ அகராதியில் முதலில் கண்ட பொருளோடு எழுந்துவிட்டார்கள்.

தமிழில் 'படுத்து' என்பது இல்லாத நிலையை உண்டாக்கும் துணைவினை. தூய்மைப்படுத்தினால் முன்பு அழுக்கு இருந்தது. அமைதிப்படுத்தினால் முன்பு கூச்சல் இருந்தது. கல்வெட்டைப் படியெடுத்துப் படிப்பவர் எழுத்துகளை வரிசைப்படுத்துகிறார் என்று எவரும் சொல்வதில்லையே.

மனிதரின் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளைக் கருவி ஒரே மூச்சில் படிப்பதில்லை, பெரும்பாலும் 150 எழுத்து அளவிலான துண்டுகளாகவே தருகிறது, அவற்றைச் சேர்ப்பது வரிசைப்படுத்தல்தானே என்று நண்பர் ஒருவர் மடக்கினார். நல்ல வாதம்தான், ஆனால் கட்டவிழ்ந்த சுவடியின் ஏடுகளை அடுக்குவது ஒரு வேலை, ஏட்டிலுள்ளதை வாசிப்பது வேறு வேலை. துண்டுகளைச் சேர்ப்பதைக் 'கோத்தல்' எனலாம். இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. துண்டுகளை, முன்பே படித்து வைத்த ஒரு மாதிரி மரபணுத்தொகையோடு (ஓர் உயிரின் முழு எழுத்துத் தொகுதியோடு) ஒப்பிட்டு இடம் கண்டபின், அந்த இடங்களின் முறைப்படி கோப்பினை அடுக்குவது இத்துறையினருக்கு அன்றாடப் பணி. 'சார்ட் (sort) செய்வது' என்பார்கள். 'வரிசைப்படுத்தல்' அதற்கே உரிய சொல். அதை முன்னமே வேறொன்றுக்குத் தாரைவார்த்துவிட்டால், இதற்கு எந்தச் சொல்லைக் கடன் கேட்பது?

சென்னை தேனாம்பேட்டையில் 2021-இல் சீக்குவென்சிங்குக்கான அரசு ஆய்வகம் தொடங்கியபோது செய்திகளில் அடிபட்ட 'மரபணு பகுப்பாய்வு' என்பதும் எனக்கு உவப்பில்லை. பகுப்பாய்வு, படித்து முடித்த பிறகு தொடங்குவது. போதாக்குறைக்கு 'மரபணு' என்பதே அங்கு அரைகுறை. புரதங்களுக்கான குறிப்புகள் மனிதரின் மரபணுத்தொகையில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு, படிக்கப்படுவதோ முழுத்தொகை.

ஆகவே என் பரிந்துரை 'வரிசை வாசிப்பு'. 'தொடர் வாசிப்பு' என்று முதலில் எழுதிப் பார்த்தேன். அது நூலகத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவரை நினைவூட்டியதால் விட்டுவிட்டேன். வாசிப்பு என்றால் கருவி தரும் துண்டுகளையும் 'வாசிப்புகள்' என இயல்பாகச் சொல்லலாம்; ஆங்கிலத்திலும் அவற்றுக்கு அதே கருத்துடைய பெயர்தான். 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' எனப்படும் புதுவகைச் சீக்குவென்சிங் கருவிகளை 'அடுத்த தலைமுறை' என்று எழுதுவோரிடம் ஒரு விண்ணப்பமும் உண்டு: மரபியல் கட்டுரையில் அடுத்த தலைமுறை என்றால் படிப்பவர் பிள்ளைகளைத்தான் நினைப்பார்.

அடையாற்று அறிமுகவுரை அண்மையில் ஓர் இதழில் அச்சாகியிருந்தது. ஆசிரியரின் கேள்வி யார் காதிலோ விழுந்திருக்க வேண்டும்; 'வரிசைப்படுத்தி வருபவர்' என்பதை 'ஒழுங்குபடுத்தி வருபவர்' என்று திருத்தியிருந்தார்கள்.