ஃபிட்ஸ் இருக்கும் பிள்ளைக்குப் பல்லில் மரப்பு ஊசி போடலாமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு அம்மா கேட்ட கேள்வி இது. "சார், பையனுக்கு ஆறு வயசு. ரெண்டு வருஷமா ஃபிட்ஸுக்கு ஃபெனிட்டாயின் சிரப் குடிக்கிறான். கடவாப்பல் ரெண்டு சொத்தை. மரத்துப்போற ஊசி போட்டா ஃபிட்ஸ் வந்துடும்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க. பால் பல்லுதானே, தானா விழுந்துடும், விட்டுடலாமேன்னு மாமியார் சொல்றாங்க. என்ன பண்றது?"

நான் பல் மருத்துவன் இல்லை, உடலியங்கியல் பாடம் எடுப்பவன். எந்த வைத்தியம் என்பதை அவனைப் பார்க்கும் பல் மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் அந்த ஊசி பயம் என் பாடத்துக்குள் வருகிறது, அதுவும் எனக்கு ரொம்பப் பிடித்த பக்கத்தில்.

மாமியாரின் யோசனையை முதலில் முடித்துவிடலாம். பால் பல் விழும் என்பது சரிதான். ஆனால் கடவாய்ப் பால் பற்கள் விழுவது 9 வயதுக்கு மேல். சிலருக்கு 12 வரைகூட ஆகும். ஆறு வயதில் தொடங்கிய சொத்தை அவ்வளவு நாள் சும்மா இருக்காது. சீழ் பிடிக்கும், காய்ச்சல் வரும். வலியில் பிள்ளை ராத்திரி தூங்க மாட்டான், வாயைத் திறக்க மறுத்து மருந்தையும் துப்புவான். காய்ச்சல், தூக்கமின்மை, விட்டுப்போன மருந்து. ஃபிட்ஸைக் கூப்பிட இந்த மூன்றைவிட வேறென்ன வேண்டும்?

இனி ஊசிக்கு வருவோம்.

நரம்பில் செய்தி ஓடுவது என்றால் சோடியம் அயனிகள் செல்லுக்குள் பாய்வது. இது பள்ளியில் படித்ததுதான். அந்த அயனிகள் நுழைவதற்குச் செல்லின் சுவரில் புரதத்தாலான வாசல்கள் உண்டு. மின்னழுத்தம் மாறியதும் வாசல் திறக்கும். திறந்து ஒரு மில்லிவினாடி ஆவதற்குள் உள்ளிருந்து ஒரு அடைப்பான் வந்து அதை மூடிவிடும். மின்னழுத்தம் பழைய நிலைக்குத் திரும்பினால்தான் அடைப்பான் விலகும், வாசல் மறுபடி திறக்கத் தயாராகும். ஆக, அந்த வாசலுக்கு மூன்று நிலை: காத்திருப்பது, திறந்திருப்பது, அடைபட்டிருப்பது.

வடசென்னையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க அடிபம்பு போதும். கைப்பிடியை அழுத்தினால் தண்ணீர் வரும். அடுத்த அடிக்குக் கைப்பிடி மேலே வந்தாக வேண்டும். கீழே இருக்கும்போது எவ்வளவு முக்கினாலும் ஒரு சொட்டு வராது. இப்போது பம்புக்குப் பக்கத்தில் ஒரு குறும்புக்காரப் பையன் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி கீழே இருக்கும் நேரத்தில் மட்டும் அதைப் பிடித்துக்கொள்வது அவன் விளையாட்டு. ஆனால் மந்தமான பையன், எட்டிப் பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். நிதானமாக அடிக்கும் பாட்டி அவன் கையில் சிக்க மாட்டார். அவன் கை நீட்டுவதற்குள் கைப்பிடி மேலே போய்விடும். தண்ணீர் லாரி வராத நாளில் பத்துக் குடத்தை வரிசையில் வைத்து வெறிபிடித்தாற்போல் அடிப்பவர் இருக்கிறாரே, அவர் கைப்பிடி பாதி நேரம் கீழேதான் கிடக்கும். அவரைப் பையன் பிடித்துவிடுவான்.

ஃபெனிட்டாயின் அந்தப் பையன்தான். அடைபட்ட நிலையில் இருக்கும் சோடியம் வாசலை மட்டும் மெதுவாக வந்து பற்றிக்கொள்கிறது. பாடம் படிப்பது, ஓடி விளையாடுவது போன்ற அன்றாட வேலை செய்யும் நரம்பு செல்கள் பாட்டி மாதிரி, மருந்துக்கு அவ்வளவாகச் சிக்குவதில்லை. ஃபிட்ஸின்போது வெடிவெடியாகச் சுடும் செல்கள் சிக்கிவிடுகின்றன. யார் அளவு மீறுகிறார் என்று பார்த்துத் தடுக்கும் மருந்து! 1938-ல் அமெரிக்காவில் மெரிட், பட்னம் என்ற இரண்டு நரம்பியல் மருத்துவர்கள் இதன் பலனைக் கண்டுபிடித்தபோது சோடியம் வாசல் என்ற ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

சரி, பல் மரக்கப் போடும் லிக்னோகெய்ன்? 1943-ல் ஸ்வீடனில் லோஃப்கிரேன் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. அவருடைய இளம் சகா லுண்ட்க்விஸ்ட் தன் உடம்பிலேயே குத்திப் பார்த்து, மரக்கிறது என்று உறுதி செய்தார். அது அடைப்பதும் இதே சோடியம் வாசலைத்தான். அதைவிட அழகான விஷயம் 1996-ல் வெளிவந்தது. அமெரிக்காவின் சியாட்டிலில் கேட்டரல் என்ற விஞ்ஞானியின் குழுவினர் அந்தப் புரதத்தின் உள்சுவரில் ஒரே இடத்து அமினோ அமிலத்தை மாற்றிப் பார்த்தார்கள். லிக்னோகெய்னின் பிடியும் தளர்ந்தது, ஃபெனிட்டாயினின் பிடியும் தளர்ந்தது. பல் மருத்துவரின் ஊசியும் நரம்பியல் மருத்துவரின் சிரப்பும் ஒரே வாசலில், கிட்டத்தட்ட ஒரே மூலையில் உட்காருகின்றன. பச்சிளங்குழந்தைகளுக்கு அடங்காத வலிப்பு வந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் லிக்னோகெய்னையே ரத்தத்தில் ஏற்றி அடக்குவதும் உண்டு. ஒவ்வொரு வருடமும் இந்த இடத்தைப் பாடமெடுக்கும்போது நான் கொஞ்சம் நேரம் கூடுதலாக எடுத்துக்கொள்வேன். மாணவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

அப்படியானால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது முழுப் பொய்யா? இல்லை. லிக்னோகெய்ன் அளவு மீறி ரத்தத்தில் கலந்தால் ஃபிட்ஸ் வரும், யாருக்கும் வரும். காரணம் விநோதமானது. மூளையில் தூண்டும் செல்கள் இருப்பதுபோல் அடக்கும் செல்களும் இருக்கின்றன. ரத்தத்தில் அளவு ஏறும்போது முதலில் வாயடைத்துப்போவது அடக்கும் செல்கள். வாத்தியார் இல்லாத வகுப்பு என்ன ஆகும்?

ஆகவே கேள்வி அளவைப் பற்றியது. 2 சதவீத ஊசி மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம், அதாவது 20,000 மைக்ரோகிராம். ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 5 மைக்ரோகிராமைத் தாண்டும்போதுதான் தலைச்சுற்றல், நாக்கு மரப்பு என்று தொந்தரவு தொடங்கும். நடுவில் 4,000 மடங்கு. அந்த இடைவெளியைக் காப்பாற்றத்தான் பல் மருத்துவர் ஊசியைக் குத்தியதும் சிரிஞ்சின் தண்டை லேசாகப் பின்னால் இழுத்து, ரத்தம் வருகிறதா என்று பார்க்கிறார். கூடவே அட்ரினலின் கலப்பதும் அதற்காகத்தான்; அது ரத்தக் குழாயைச் சுருக்கி மருந்தை அங்கேயே நிறுத்தி வைக்கிறது. குழந்தைகளுக்கு எடையில் கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் என்பது உச்ச வரம்பு. 18 கிலோ பையனுக்கு 4 மில்லிலிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு பல்லுக்கு இதில் பாதிகூட வேண்டியிருக்காது.

நல்ல பல்லாக இருந்தால்! சீழ் பிடித்த பல்லுக்கு இந்தக் கணக்கு உதைக்கும். லிக்னோகெய்ன் செல்லின் கொழுப்புச் சுவரைத் தாண்டி உள்ளே போக வேண்டுமானால் மின்சுமை இல்லாத வடிவில் இருக்க வேண்டும். சாதாரணத் திசுவில் நான்கில் ஒரு பங்கு மூலக்கூறுகள் அப்படி இருக்கும். சீழ் பிடித்த இடம் அமிலமாகிவிடுவதால் அந்தப் பங்கு சரிந்து, மருந்து வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிடும். மரக்கவில்லை என்று இரண்டாவது ஊசி, மூன்றாவது ஊசி. ஊசிக்குப் பயந்து தள்ளிப்போட்டால் கடைசியில் அதிக ஊசிதான் கிடைக்கும்.

இப்போதே போனால் ஊசியே இல்லாமலும் முடியலாம். சொத்தை ஆழமாகாமல், வலி தொடங்காமல் இருந்தால் 38 சதவீத சில்வர் டைஅமின் ஃபுளோரைடைத் தொட்டுத் தடவினால் பல பற்களில் சொத்தை நின்றுவிடும். சொத்தை இருந்த இடம் கறுத்துவிடும், அதுதான் முக்கியக் குறை. இன்னொரு வழி, ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர் பயன்படுத்திப் பரவியது: குடையாமல், மரக்கவைக்காமல், சொத்தையின்மேலேயே ஸ்டீல் கேப்பை ஒட்டிவிடுவது. சாப்பாடு கிடைக்காத கிருமிகள் உள்ளேயே முடங்கிவிடும். அடிக்கடி ஃபிட்ஸ் வருபவனுக்குக் கழற்றி மாட்டும் செயற்கைப் பல் பிளேட்டைவிட இப்படி ஒட்டிக்கொள்ளும் உலோகம் நல்லது. கழன்று மூச்சுக்குழாயில் போகாது. ஒரு விஷயம், மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டியிருந்தால் ஸ்டீல் கேப் படத்தைக் கலைத்துவிடும் என்பதால் இதை இரண்டு மருத்துவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பல பற்கள் சேர்ந்து கெட்டுப்போய், பிள்ளையும் ஒத்துழைக்காவிட்டால் முழு மயக்கம் கொடுத்து ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிப்பார்கள். வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். ஆனால் காலை ஃபிட்ஸ் மருந்தை ஒரு மடக்குத் தண்ணீரோடு கொடுக்க வேண்டுமா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்; பெரும்பாலும் கொடுக்கத்தான் சொல்வார்கள்.

மருந்தும் பல்லைச் சும்மா விடுவதில்லை. ஃபெனிட்டாயின் சாப்பிடுபவர்களில் சுமார் பாதிப் பேருக்கு ஈறு தடித்து வளரும். ஈறின் செல்கள் கொல்லாஜன் என்ற பழைய நார்ப்புரதத்தைத் தின்று கழிப்பது குறைந்து, சேர்ந்துகொண்டே போவதுதான் காரணம். அழுக்குப் படிந்த பல்லில் இது இன்னும் மோசம், அதனால் துலக்குவதும் வைத்தியம்தான். 1939-லேயே எழுதப்பட்ட பிரச்சினை இது. காப்புரிமை முடிந்த மலிவு மருந்தின் பக்கவிளைவை ஆராயப் பெரிய நிறுவனம் எதுவும் பணம் போடாது. அரசுப் பணம்தான் போட வேண்டும் என்பது என் பழைய புலம்பல். வால்ப்ரோயேட் என்ற இன்னொரு ஃபிட்ஸ் மருந்து சாப்பிடும் பிள்ளை என்றால், பல் பிடுங்குமுன் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கை பார்ப்பார்கள். சிரப்பில் சர்க்கரை இருந்தால் படுக்கப்போகும்போது கொடுத்துவிட்டு வாயைக் கொப்பளிக்க வையுங்கள். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைவு.

ஃபிட்ஸ் வரும்போது கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும், அதனால் கெடுதலும் அதிகமில்லை. வாயில் கரண்டியைத் திணிப்பதுதான் கோபத்தைக் கிளப்புகிறது. நாக்கை யாராலும் விழுங்க முடியாது. கரண்டியால் உடைவது முன்பல். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். பல் நாற்காலியில் வந்தாலும் இதேதான் செய்வார்கள். கருவிகளை எடுத்துவிட்டு நாற்காலியைத் தாழ்த்துவார்கள், தேவைப்பட்டால் ஃபிட்ஸை நிறுத்தும் மிடசோலம் மருந்தை மூக்கில் அடிப்பார்கள்.

அந்த அம்மாவுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். ஸ்டான்லி அரசு மருத்துவமனையோ, கோட்டை ஸ்டேஷன் பக்கத்து அரசுப் பல் மருத்துவக் கல்லூரியோ, தெரு முனை கிளினிக்கோ, எங்கே போனாலும் முந்தின ராத்திரி பையன் நன்றாகத் தூங்கியிருக்கட்டும், காலையிலேயே போங்கள். "சிவப்பு மருந்து, ரெண்டு வேளை" என்று சொல்லாமல் பாட்டிலையே கையில் எடுத்துப் போங்கள். போன ஃபிட்ஸை யாராவது செல்போனில் பிடித்திருந்தால் அந்த வீடியோவையும் காட்டுங்கள்.