ரெஃபரன்ஸ்னா பரிந்துரை இல்ல, சான்றுரை

கும்பகோணம் பக்கம் ஒரு கம்பெனில அப்ளிகேஷன் ஃபாரத்தைத் தமிழ்லயே அடிச்சிருக்காங்க, நல்ல விஷயம். ஆனா கடைசில, இங்கிலீஷ்ல ரெஃபரன்ஸ்னு கேக்குற இடத்துல, "பரிந்துரையாளர்கள் இருவரின் பெயர், கைபேசி எண்"னு ரெண்டு கோடு. எங்க தெருப் பையன் நிரப்பிக் கொண்டாந்து காட்டுனான், முதல் கோட்டுல வார்டு கவுன்சிலர், ரெண்டாவதுல ஒன்றியச் செயலாளர். திருவாரூர்ல அவனை வச்சு வேலை வாங்குன கணக்குப்பிள்ளை பேரு எங்கயுமே இல்ல. பையனைக் குத்தம் சொல்ல மாட்டேன், அந்தச் சொல் கேட்டதைத்தான் அவன் எழுதியிருக்கான்.

ரெஃபரன்ஸ் லத்தீன் வேர்லேருந்து வந்தது, 'திரும்பக் கொண்டுபோறது'ன்னு அர்த்தம். கேள்வியை விவரம் தெரிஞ்ச ஆள்கிட்ட கொண்டுபோறோம், அவ்வளவுதான்.

பரிந்துரைன்னா பரிஞ்சு பேசுறது. சிபாரிசுங்கிற பாரசீகச் சொல்லுக்கு மாத்தா அதை வச்சாங்க, நிபுணர் குழு அரசுக்குச் சொல்றதுக்கு அது சரி. பழைய முதலாளி பரியவே கூடாது, பாத்ததைச் சொல்லணும். பரிஞ்சு, வேணும்னே பொய்யா நல்லவன்னு எழுதிக் குடுத்து, அதை நம்பிச் சேத்துக்கிட்டவங்களுக்கு நஷ்டம் வந்தா கேஸ் அவர்மேல திரும்பும். கோவத்துல இல்லாததைச் சொன்னா அவதூறு, 2024 ஜூலை 1-லேருந்து பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவோட 356-வது பிரிவு, 2 வருஷம் வரைக்கும் சிறை இருக்கு. நல்லெண்ணத்தோட, அடுத்தவங்க நலனைக் காப்பாத்தச் சொன்னதுக்கு அதே பிரிவுல விலக்கும் இருக்கு. இங்கிலாந்துல 1994-லயே, அப்ப அங்க உச்ச கோர்ட்டாவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பு சொல்லிடுச்சு, முன்னாள் ஊழியரைப் பத்தி எழுதுறப்ப கவனமா எழுதுற கடமை முதலாளிக்கு உண்டு, அசட்டையா எழுதி அவன் பொழப்பு போனா நஷ்டஈடு கேக்கலாம்னு. இவ்வளவு பொறுப்பு இருக்கிற விஷயத்துக்கு 'பரிவு'ன்னு பேர் வச்சா எப்படிங்க?

நற்சான்றுன்னு வைக்கலாமேன்னு தமிழாசிரியர் ஒருத்தர் சொன்னார். அதுவும் வேண்டாம். ஆளைப் பத்தி வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே 'நல்'னு தீர்ப்பு எழுதியாச்சே, அப்புறம் எதுக்கு விசாரிக்கணும்? இன்னும் சில ஃபாரத்துல 'மேற்கோள்', ரெஃபரீங்கிற ஆளைக் குறிக்க 'நடுவர்'னு கூட போடுறாங்க, அகராதில முதல்ல கண்ணுல பட்டதை எடுத்து ஒட்டுற வேலை, அந்த ஃபாரத்தை நிரப்பப்போறவனை மொழிபெயர்க்கிறவர் ஒரு நிமிஷம்கூட நெனைக்கல. எனக்கு அதுலதான் வருத்தம்.

சான்றுரைதான் சரி. நல்லதுக்கும் சான்று உண்டு, கெட்டதுக்கும் உண்டு, சொல்றவர் சான்றாளர். சாட்சிக்குக் கரின்னு பழைய தமிழ்ச் சொல் ஒண்ணு இருக்கு, "இந்திரனே சாலுங் கரி"ன்னு குறள்லயே வருது, ஆனா இன்னைக்கு ஃபாரத்துல கரின்னு போட்டா அடுப்புக்கரிதான் ஞாபகம் வரும். தனித்தமிழ் எனக்கும் பிடிக்கும், இருந்தாலும் புரியுறதுதான் முக்கியம்.

பேக்ரவுண்ட் செக்கைப் 'பின்னணி ஆய்வு'ங்கிறதும் அப்படித்தான், ஏதோ சதியைத் துப்பறியிற மாதிரி இருக்கு. நம்ம டெல்டால பொண்ணு குடுக்கிறதுக்கு முன்னாடி 'விசாரிச்சுட்டு வர்றோம்'பாங்களே, அதேதான் இது. முன்விவர விசாரணைன்னு போடலாம். அமெரிக்காவுல 1970-ல வந்த சட்டம் ஒண்ணு இருக்கு, பின்னாடி திருத்தி, இப்ப அதுபடி ஏஜென்சி வச்சு விசாரிக்கணும்னா ஆள்கிட்ட எழுத்துல சம்மதம் வாங்கணும், அந்த அறிக்கையை வச்சு வேலை இல்லைன்னு சொல்றதுக்கு முன்னாடி அவனுக்கு ஒரு பிரதி குடுக்கணும். இங்கயும் 2023-ல, சம்மதத்தை முக்கியமா வைக்கிற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியாச்சு. அதனால அந்த ரெண்டு கோட்டுக்கு மேல "முன்பு வேலை பார்த்த இடத்தில் உங்கள் வேலையை நேரில் பார்த்த இருவர் (சான்றாளர்)"னு போடுங்க, கீழ "இவர்களிடம் விசாரிக்கச் சம்மதம்"னு கையெழுத்துக்கு இடம் விடுங்க.