பப் என்றால் கேளிக்கை விடுதியா?

"இங்கிலாந்தின் சிற்றூர்க் கேளிக்கை விடுதி ஒன்றில், ஞாயிறு மதியம் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் ஆட்டிறைச்சி வறுவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்." ஆங்கிலப் 'பப்'பைக் கேளிக்கை விடுதி என்று எழுதும் இந்த மாதிரி வாக்கியங்கள் பயணக் கட்டுரைகளின் மொழிபெயர்ப்பில் அடிக்கடி கண்ணில் படுகின்றன. கேளிக்கை விடுதி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது என்ன? இருட்டு, சுழலும் வண்ண விளக்கு, காதைப் பிளக்கும் பாட்டு, வாசலில் இரண்டு பவுன்சர்கள். அங்கே பாட்டிக்கு என்ன வேலை?

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்த்துவிடலாம். 'பப்' என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம். எல்லோரும் நுழையலாம் என்பதால் பப்ளிக். ஹவுஸ் என்றால் உண்மையாகவே வீடுதான். 1830இல் வந்த பியர் சட்டப்படி, வரி கட்டும் வீட்டுக்காரர் எவரும் இரண்டு கினி (பழைய ஆங்கிலப் பணக் கணக்கு) செலுத்தி உரிமம் வாங்கி, தம் வீட்டிலேயே பியர் விற்கலாம் என்று ஆனது. முன்கூடத்தில் வியாபாரம், மாடியில் குடித்தனம். இன்றும் பல பப்களில் நடத்துபவரின் குடும்பம் மாடியில்தான் வசிக்கிறது. பெயரில் பொது இருக்கிறது, வீடு இருக்கிறது. மது இல்லை, கேளிக்கையும் இல்லை.

அப்படியானால் கேளிக்கை எங்கிருந்து வந்தது? பெங்களூரிலிருந்து என்பது என் ஊகம். 1980களின் பிற்பகுதியில் அங்கே பப்கள் பெருகின. நம் நகரங்களில் பப் என்றால் இளைஞர்கள் இரவில் ஆடிப்பாடிக் குடிக்கும் இடம் என்ற பொருள் ஊன்றிவிட்டது. 'நள்ளிரவில் கேளிக்கை விடுதியில் மோதல்' என்று செய்தியாளர் எழுதும்போது அவரைக் குறை சொல்ல முடியாது, அந்த இடம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அதே சொல்லைக் கொண்டுபோய் இங்கிலாந்துக் கிராமத்தில் ஒட்டுகிறார்களே, அங்கேதான் சிக்கல். 'கேளி' என்ற வடசொல்லுக்கு விளையாட்டு, களியாட்டம் என்று பொருள். சினிமா டிக்கெட்டுக்குக் கேளிக்கை வரி போட்டார்களே, அந்தக் கேளிக்கை. கிராமத்துப் பப்பில் அதிகபட்சக் களியாட்டம், மூலையில் இருவர் பலகையில் அம்பு எறிவதுதான்.

'விடுதி' அதைவிடப் பெரிய கோளாறு. விடுதி என்றால் தங்குமிடம். மாணவர் விடுதி, மகளிர் விடுதி. அந்தப் பொருள் தேய்ந்துபோனதால்தான் இப்போது 'தங்கும் விடுதி' என்று எழுதுகிறோம், தங்காத விடுதி ஒன்று இருப்பதைப் போல! ஆங்கிலத்தில் பழைய வகைப்பாடு தெளிவாக இருந்தது. வழிப்போக்கர் தங்கவும் குதிரையைக் கட்டவும் இடம் தருவது இன். திராட்சை மது விற்பது டேவர்ன். ஏல் என்ற பியரை விற்பது ஏல்ஹவுஸ். பிற்பாடு இவற்றின் எல்லை மங்கியபோது எல்லாவற்றுக்கும் பொதுவாக வந்த பெயர்தான் பப்ளிக் ஹவுஸ். இவற்றில் விடுதி என்ற பெயர் பொருந்துவது இன்னுக்கு மட்டும். எனவே கேளிக்கை விடுதியின் முதற்சொல்லும் பிழை, இரண்டாம் சொல்லும் பிழை. இருந்தும் அகராதிச் செயலிகள் வரை அது பரவிவிட்டது. பப் நடத்துபவருக்கு ஆங்கிலத்தில் 'பப்ளிக்கன்' என்று பெயர். பழைய ஆங்கில விவிலியத்தில் அதே சொல் வரி வசூலிப்பவரைக் குறிக்கும், தமிழ் விவிலியத்தில் அவர் ஆயக்காரர். பப் முதலாளியை ஆயக்காரர் என்று எழுதினால் சிரிப்போம். கேளிக்கை விடுதிக்கு மட்டும் ஏனோ யாரும் சிரிப்பதில்லை.

உண்மையான ஒரு பப்பைப் பார்ப்போம். கென்ட் கடலோரத்தில், விட்ஸ்டபிள் ஊரை அடுத்த சீசால்டரில் 'தி ஸ்போர்ட்ஸ்மேன்' இருக்கிறது. முன்னால் கடல் தடுப்புச் சுவர், பின்னால் ஆடு மேயும் உவர்ச் சதுப்பு. ஸ்டீபன் ஹாரிஸ் 1999இல் அதை எடுத்து நடத்தத் தொடங்கினார். 2008இல், சிறந்த உணவகங்களுக்குத் தரும் மிஷெலின் நட்சத்திரம் கிடைத்தது. கடல்நீரைக் காய்ச்சி உப்பு எடுக்கிறார்கள், வெண்ணெயைத் தாங்களே கடைகிறார்கள். சிறிய நாக்கு மீனைக் கடற்பாசி வெண்ணெயோடு சுட்டுத் தருவது அந்த இடத்தின் பேர்பெற்ற பதார்த்தம். பியர்கூட, அருகிலிருக்கும் ஃபேவர்ஷாமின் ஷெப்பர்ட் நீம் ஆலையிலிருந்து வருகிறது. சாப்பாட்டுக்காகவே லண்டனிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். இதைக் கேளிக்கை விடுதி என்றால் நியாயமா?

சரி, வேறு என்ன சொல்லலாம்? தனித்தமிழ் ஆர்வலருக்கு உடனே ஆசை காட்டுவது 'பொதியில்'. பொது, இல் இரண்டும் சேர்ந்தது; பப்ளிக் ஹவுஸுக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருத்தம். பட்டினப்பாலையில் வரும் 'கந்துடைப் பொதியில்' வெளியூர்க்காரர் வந்து தங்கும் இடமும்கூட. ஆனால் அது தூணில் தெய்வம் உறையும் வழிபாட்டு மன்றம். அங்கே பியர் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. இன்றைய வாசகருக்கோ பொதியில் என்றால் அகத்தியர் மலை. 'பொதுமனை' என்று மாற்றிப் பார்த்தால் இன்னும் மோசம், பொதுமகளிர் என்ற சொல் பக்கத்தில் வந்து நின்றுகொள்ளும். 'பொது இல்லம்' அரசுக் காப்பகம் மாதிரி ஒலிக்கிறது.

ஈழத்தில் கள்ளுக்கடையைச் சொல்லும் 'தவறணை' இருக்கிறது. லத்தீன் 'தாபெர்னா'விலிருந்து ஐரோப்பியர் வழியாக வந்து, றகரமும் ணகரமும் ஏறி அசல் தமிழாகவே ஆகிவிட்ட சொல். டேவர்னும் அதே வேரில் பிறந்ததுதான். டேவர்னுக்குத் தவறணையை நாம் எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்பேன். ஆனால் யாழ்ப்பாணத்தில் தவறணை என்றால் கள்ளு வாடை அடிக்கும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகுட்டிகளோடு தவறணைக்குச் சாப்பிடப் போனோம் என்று ஒருவர் சொன்னால் உறவுக்காரர் சும்மா விடமாட்டார்கள். மதுக்கூடமும் அப்படித்தான். நம் ஊரில் அது டாஸ்மாக் பக்கத்து பாரின் பெயர்.

எனக்குப் பிடித்தது 'அருந்தகம்'. புதிதாக நான் ஆக்கியதில்லை, பாருக்கும் காபிக் கடைக்கும் சிலர் ஏற்கெனவே எழுதுவதுதான். அருந்து என்ற வினை உண்பதற்கும் வரும், குடிப்பதற்கும் வரும். உணவு அருந்தினார், தேநீர் அருந்தினார், மது அருந்தினார் மூன்றும் சரி. தங்கவேண்டிய கட்டாயமில்லை, ஆடவும் வேண்டாம். கிராமத்துப் பப்பை 'ஊர் அருந்தகம்' என்று சொல்லிப் பாருங்கள், பாட்டி தாராளமாக உள்ளே வரலாம். இதுவும் ஒட்டவில்லையா, 'பப்' என்றே எழுதுங்கள். தவறான தமிழைவிட அது எவ்வளவோ மேல்.

1991இல் லண்டன் ஃபாரிங்டன் சாலையில் 'தி ஈகிள்' நல்ல சமையலோடு தொடங்கியபின் பரவிய 'காஸ்ட்ரோபப்' என்ற சொல்லுக்குத் தனித் தமிழ்ச்சொல் தேடி மண்டையை உடைக்கவும் வேண்டாம். அருந்தகத்திலேயே சாப்பாடு அடக்கம். காஸ்ட்ரோ என்றால் இரைப்பை என்று பொருள்; அதைப் பார்த்ததும் இரைப்பையை இழுத்துவராமல் இருந்தால் சரி.

கடைசியாக, இந்தப் பப்களின் உணவைப் பற்றி எழுதும்போது, ஆங்கிலத்தின் 'லோக்கலி சோர்ஸ்டு' என்பதற்கு வரும் 'உள்நாட்டில் பெறப்பட்ட பொருட்கள்'. உள்நாடு வேறு, உள்ளூர் வேறு. ஸ்காட்லாந்து மீனும் பிரிட்டனில் உள்நாட்டு மீன்தான். சீசால்டர் சமையல்காரர் பெருமைப்படுவது நாட்டைப் பற்றி அல்ல, கண்ணுக்கெட்டும் தூரத்தைப் பற்றி. 'அக்கம்பக்கத்து விளைச்சல்' என்று எழுதலாம், 'அந்த ஊரிலேயே கிடைப்பதை வைத்துச் சமைக்கிறார்கள்' என்று நீட்டியும் எழுதலாம். 'உள்ளூர்ச் சரக்கு' மட்டும் வேண்டாம். பப்பைப் பற்றிய கட்டுரையில் சரக்கு என்று எழுதினால், நம் வாசகர் அதை ஆட்டிறைச்சி என்று எடுத்துக்கொள்ளமாட்டார்.