ஒரே எத்தனால், இரண்டு மதிப்பு: கலிபோர்னியாவில் எரிபொருளின் கார்பன் செறிவை அளந்து ஒப்புதல் பெறும் முறை

இரண்டு ஆலைகள் கலிபோர்னியாவுக்கு எத்தனால் அனுப்புகின்றன. இரண்டும் மக்காச்சோளத்திலிருந்துதான் தயாரிக்கின்றன. டேங்கரில் இருக்கும் திரவத்திலும் வேறுபாடு இல்லை. ஆனால் ஒன்று வடித்தபின் மிஞ்சும் சக்கையை ஈரமாகவே பக்கத்து மாட்டுப்பண்ணைகளுக்கு விற்கிறது. மற்றது எரிவாயு எரித்து உலர்த்தி, தொலைவுக்கு அனுப்புகிறது. அந்த எரிவாயுவின் புகையும் எத்தனாலின் கணக்கில் ஏறுகிறது. அதனால் முதல் ஆலைக்கு ஒவ்வொரு காலனிலும் கூடுதல் கிரெடிட், அதாவது புகை குறைத்ததற்கான விற்கத்தக்க வரவு, கிடைக்கிறது.

கலிபோர்னியா காற்று வள வாரியம் 2009-இல் கொண்டுவந்து, 2011 முதல் அமலில் இருக்கும் குறை கார்பன் எரிபொருள் தரநிலையின் அடிப்படை இதுதான். மதிப்பு எரிபொருளின் பெயருக்கு அல்ல. வயலிலிருந்து வாகனம் வரை அது வந்த வழிக்கு. அந்த வழிக்குரிய எண்ணே கார்பன் செறிவு: ஒரு மெகாஜூல் ஆற்றலுக்கு எத்தனை கிராம் கார்பன் டை ஆக்சைடுக்கு நிகரான வாயு வெளியாகிறது என்பது. ஆண்டுக்கு ஆண்டு இறங்கும் ஓர் இலக்கு உண்டு. செறிவு அதற்குக் கீழே இருந்தால் கிரெடிட், மேலே இருந்தால் ஈடுகட்ட வேண்டிய கடன். 2025 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தம், 2010-ஐ ஒப்பிட்டு 2030-க்குள் 30 சதவீதம், 2045-க்குள் 90 சதவீதம் குறைக்கச் சொல்கிறது.

கணக்கிடும் கருவி, அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகம் உருவாக்கிய கிரீட் என்ற கணினிக் கணிப்பு மாதிரியின் கலிபோர்னியப் பதிப்பு. உரம், சாகுபடி, தானியம் ஏற்றிவந்த லாரி, ஆலையின் மின்சாரமும் எரிவாயுவும், எத்தனால் போகும் ரயில் தூரம் எல்லாம் அதில் சேரும். இவற்றுக்கு மேல் நில மாற்றத்துக்கான கூட்டுத்தொகை ஒன்று உண்டு. பயிர் எரிபொருளுக்குப் போவதால் வேறெங்கோ காடோ புல்வெளியோ வயலாகும் என்பதற்கான சுமை அது: மக்காச்சோள எத்தனாலுக்கு 19.8 கிராம், கரும்பு எத்தனாலுக்கு 11.8, சோயா பயோடீசலுக்கு 29.1. ஆலை எவ்வளவு சிக்கனமாக ஓடினாலும் இந்த எண் குறையாது. எதிர்முனையில் மாட்டுச்சாண வாயு. திறந்த சாணக் குட்டையிலிருந்து வெளியேறியிருக்கும் மீத்தேனைப் பிடித்ததற்காக அதன் செறிவு பூஜ்யத்துக்குக் கீழே, சில பண்ணைகளில் மைனஸ் 200-க்கும் கீழே போகிறது.

இந்த எண்ணுக்கு ஒப்புதல் பெற மூன்று வாசல்கள். மின்சாரம் போன்ற சிலவற்றுக்கு வாரியமே அட்டவணையில் எண் தந்திருக்கிறது. எத்தனால், பயோடீசல், குப்பைக்கிடங்கு வாயு போன்ற பழகிய வழிகள் முதல் நிலை. இவற்றுக்கு வாரியத்தின் எளிய கணிப்புத் தாள் போதும். புதுத் தொழில்நுட்பம் என்றால் இரண்டாம் நிலை: முழு மாதிரியையும் ஓட்டி, செயல்முறையை விளக்கி எழுதி, பொதுமக்கள் கருத்துக்கும் வைக்க வேண்டும்.

முதல் நிலைக்கு 24 மாதத் தரவு வேண்டும். புதிய ஆலை குறைந்தது 3 மாதத் தரவுடன் தற்காலிக ஒப்புதல் கேட்கலாம். வாரியத்தின் இணையவாயிலில் ஆலையைப் பதிந்து, தாளை நிரப்பி, ரசீதுகளையும் மீட்டர் பதிவுகளையும் ஏற்ற வேண்டும். பிறகு வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளர் ஆலைக்கே வந்து பார்ப்பார். அவர் அறிக்கைக்குப் பின் வாரியம் ஆய்ந்து எண்ணை உறுதிசெய்யும்.

பெரும்பாலும் சறுக்குவது தரவில்தான். எரிவாயு ரசீது மாத நடுவில் தொடங்கும், உற்பத்திக் கணக்கோ மாதம் ஒன்றாம் தேதி. இரண்டையும் அப்படியே பொருத்தினால் தப்பு. எரிவாயு ரசீது மேல் வெப்ப மதிப்பில் (எரியும்போது உண்டாகும் நீராவியின் வெப்பத்தையும் சேர்த்து) இருக்கும், மாதிரி கீழ் வெப்ப மதிப்பில் (அதைச் சேர்க்காமல்) ஓடும். இடைவெளி ஏறக்குறைய 10 சதவீதம். தாள் எதைக் கேட்கிறது என்று பாராமல் நிரப்பினால் கணக்கே சாயும். தொடக்க, இறுதி இருப்பைச் சேர்க்காமல் விற்றதையே உற்பத்தி என்று எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது. பசுமை மின்சாரச் சான்றிதழை வாங்கிவைத்து மின்சாரச் சுமையைக் குறைக்கப் பார்க்கும் எத்தனால் ஆலைகளும் உண்டு. அது ஏற்கப்படாது, சூரியத் தகடோ காற்றாலையோ ஆலையுடன் நேரடியாக இணைந்திருக்க வேண்டும். பயன்படுத்திய சமையல் எண்ணெய் என்றால், அது கிளம்பிய இடத்திலிருந்து ஆலை வரை கைமாறிய ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆவணம் இருக்க வேண்டும்.

உறுதியான எண் ஒரு வாக்குறுதி. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 31-க்குள் முந்தைய ஆண்டின் உண்மைத் தரவைக் கொடுக்க வேண்டும். சரிபார்ப்பு அறிக்கை ஆகஸ்ட் 31-க்குள் போய்ச் சேர வேண்டும். இங்கே இரண்டு அளவுகோல்களைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அறிவித்த செறிவில் 5 சதவீதம் அல்லது 2 கிராம், இரண்டில் எது பெரிதோ அதைத் தாண்டிய பிழை இருந்தால் சரிபார்ப்பாளர் பாதகமான அறிக்கை தருவார். 60 கிராம் செறிவுள்ள எரிபொருளுக்கு அந்த எல்லை 3 கிராம். ஆனால் இது தரவுப் பிழைக்கான எல்லை மட்டுமே. ஆலை உண்மையில் ஓடிய செறிவு ஒப்புதல் பெற்ற எண்ணைத் தாண்டினால், தாண்டியது ஒரு கிராமானாலும் மீறல்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். இலக்கு 80 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு காலன் எத்தனாலில் 81.51 மெகாஜூல். 60 கிராம் ஒப்புதலுடன் 10 லட்சம் காலன் விற்றால் 1,630 கிரெடிட், அதாவது 1,630 டன். உண்மையில் ஓடியது 62 என்றால் கிடைத்திருக்க வேண்டியது 1,467 தான். 2025 திருத்தத்தின்படி அந்த 163 டன் இடைவெளி நான்கு மடங்காகக் கடனில் ஏறும்.

ஆகவே 24 மாதச் சராசரியை அப்படியே விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். குளிர்காலத்தில் எரிவாயு கூடுதலாகச் செலவாகும். கொதிகலன் பழுதானால் விளைச்சல் இறங்கும். விதியே பாதுகாப்பு இடைவெளி சேர்க்க அனுமதிக்கிறது. மாதவாரி செறிவைத் தனித்தனியாகப் போட்டு, மோசமான மாதங்கள் எவ்வளவு ஏறுகின்றன என்று பார்த்து, அதற்கேற்ப ஒன்றிரண்டு கிராம் கூட்டிக் கேளுங்கள். ரசீது, மீட்டர் அளவுத்திருத்தச் சான்று, எடைச் சீட்டு எல்லாவற்றையும் 10 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஒரே சரிபார்ப்பு நிறுவனத்தை ஆறு ஆண்டுகளுக்கு மேல் தொடரவும் முடியாது. புதிதாக வருபவர் பழைய கோப்புகளையும் கேட்பார்.