குழாய்க்கிணற்றுக் கல்லில் ஒரு பழங்கடல்

வவுனியாவில் கிணறு வெட்டினால் மக்கிய பாறை வரும், அதற்குக் கீழே கருங்கல். மேற்கே முருங்கன், முழங்காவில் பக்கம் குழாய்க்கிணறு இறக்கினால் வெளிறிய சுண்ணக்கல் துகள் வரும். கருங்கல்லின் வயது 50 கோடி ஆண்டுகளுக்கு மேல். சுண்ணக்கல்லோ மயோசீன் காலத்தது: 2.3 கோடி ஆண்டுகளுக்கும் 53 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடையில் கடலடியில் படிந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் பரந்து கிடக்கும் அதே கல்தான் மேற்குக் கரையோரமாகப் புத்தளம் வரை போகிறது.

அந்தக் கடல் எவ்வளவு ஆழம், எந்தக் கடலோடு தொடர்ந்திருந்தது என்பதைக் கல்லுக்குள் இருக்கும் ஃபொராமினிஃபெரா ஓடுகள் சொல்லும். ஃபொராமினிஃபெரா என்பவை ஒரே கலத்தாலான கடல் உயிர்கள். பெரும்பாலானவை மணற்பருக்கையளவே இருக்கும். சில இனங்கள் மட்டும் பல மில்லிமீற்றர் வளர்ந்து, ஓட்டுக்குள் நுண்பாசிகளை வைத்து வாழும். பாசிக்கு வெயில் வேண்டும். ஆகவே பெரிய ஓடு நிறைந்த கல், வெளிச்சம் எட்டிய சூடான கடலில் படிந்த கல்.

கடினமான சுண்ணக்கல்லிலிருந்து ஓட்டை எளிதில் பிரித்தெடுக்க முடியாது. வெட்டித்தான் பார்க்க வேண்டும். அமிலம் ஊற்றவே கூடாது, கல்லோடு ஓடும் கரைந்துவிடும். வெயில் மழை படாத கல்லாகக் கையளவு எடுத்து, மேற்பக்கம் எது என்று அம்புக்குறியிட வேண்டும். வைர வாளால் சிறு துண்டு வெட்டி, ஒரு முகத்தைக் காபொரண்டம் என்ற தேய்ப்புத் தூளில் மினுக்கி, எபொக்சியால் கண்ணாடியில் ஒட்டி, மறுபக்கத்தை 0.03 மில்லிமீற்றர் வரை தேய்ப்பார்கள். ஒட்டும்போது குமிழி சிக்கினால் அந்த இடம் பெயர்ந்து போகும். கடைசிக் கட்டத்தில் அவசரப்பட்டால் ஓடே தேய்ந்து மறையும்.

இந்தக் கல்லில் முக்கியமானது தபெரினா மலபாரிக்கா என்ற ஃபொராமினிஃபெரா இனம். நுணுக்குக்காட்டியில் இதன் சுவர் பழுப்பாக, ஒளி புகாததுபோலத் தெரியும். கண்ணாடிச்சுவர் இனங்கள் தெளிவாகத் தெரியும். உள்ளே தூண்களும் சிற்றறைகளும் நெருக்கமாக இருக்கும். ஓட்டின் நடுவால் வெட்டுப்பட்டால்தான் இந்த அமைப்பு சரியாகத் தெரியும். சரிந்த வெட்டில் வேறோர் இனமென்று மயங்குவது எளிது, அதனால் ஒரு கல்லுக்குப் பல வெட்டுகள் தேவை.

மலபாரிக்கா என்ற பெயர் மலபார்க் கரையிலிருந்து வந்தது. கேரளத்தின் கொல்லம் சுண்ணக்கல்லிலும் இதே இனம் உண்டு. காலம் மயோசீனின் ஒரு பிரிவான பேர்டிகாலியன், ஏறத்தாழ 2 கோடி முதல் 1.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. ஆழ்கடல் தரையில் இது வாழாது. இன்றுள்ள உறவினங்கள் பெரும்பாலும் 30 மீற்றருக்கு உட்பட்ட ஆழத்தில், கடற்புல் மேல் வாழ்கின்றன. ஆகவே அந்நாளில் கொல்லம் கரையிலும் மன்னார்ப் பக்கத்திலும் ஒரே வகையான ஆழமற்ற கடல் இருந்தது, குஞ்சுகள் நீரோட்டத்தில் பரவ வழியும் இருந்தது.

மேற்கே பார்த்தால் இன்னொரு செய்தி. அதற்கு முந்திய இயோசீன் காலத்தில் நுமுலைட்டுகள் என்ற பெரிய ஃபொராமினிஃபெரா ஸ்பெயினிலிருந்து இந்தோனேசியா வரை தெதீஸ் என்ற பழங்கடல் வழியே பரவின. கீசா பிரமிட்டுக் கல்லிலும் அவை உண்டு. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அரேபியா ஆசியாவோடு முட்டி அந்த வழி அடைபடத் தொடங்கியது. பிறகு மத்தியதரைக் கடலின் இனங்களும் இந்திய–பசிபிக் இனங்களும் பிரிந்து போயின. எங்கள் தபெரினா இந்திய–பசிபிக் பக்கத்துக்கு உரியது.

குழாய்க்கிணற்றுத் துகளில் ஒரு ஆபத்து உண்டு. துளையின் மேற்பகுதி இடிந்து கீழே விழும், இளைய ஓடு பழைய ஆழத்துக்குரியதாகத் தோன்றும். ஆகவே மேலிருந்து கீழே துளைத்துப் போகும்போது ஓர் இனம் முதன்முதலாக எந்த ஆழத்தில் தென்படுகிறது என்பதை நம்பலாம். அதற்குக் கீழே தொடர்ந்து கிடைப்பதை அப்படியே நம்பக்கூடாது.

கிழக்கு வன்னியில் கருங்கல்தான் என்பதால் கடல் அங்கே வரவில்லை என்று முடிவு கட்டவும் கூடாது. படிந்த கல் பின்னர் அரிபட்டுப் போயிருக்கலாம். கரை எவ்வளவு அருகில் இருந்தது என்று அறிய, ஓடுகளுக்கிடையில் குவாட்ஸ் மணல் எவ்வளவு கலந்திருக்கிறது என்று எண்ண வேண்டும். மணல் கூடக் கூட ஆற்றுவாயும் கரையும் கிட்ட.