மாவு அடித்த பெரியம்மாவும் கேமரூன் வண்டும்

மலேசியாவின் குளுவாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களிடம் "மாவு அடிக்கிற வேலை" என்று சொல்லிப் பாருங்கள், அறுபதைத் தாண்டியவர்களுக்கு மட்டும்தான் விளங்கும். என் பெரியம்மா கல்யாணத்துக்கு முன்னால் அந்த வேலைக்குத்தான் போனார். காலையில் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்ததும் ஒரு சின்னக் குப்பியைக் கொடுப்பார்களாம். உள்ளே டால்க் பவுடரில் கலந்த செம்பனை (எண்ணெய்ப்பனை) மகரந்தம், மேலே ஒரு குழாய், அமுக்குவதற்கு ரப்பர் பந்து. மரம் மரமாகப் போய், மட்டை முள்ளுக்கு நடுவே கையை விட்டு, விரிந்திருக்கும் பெண் பாளையைத் தேடிப் பிடித்து, அதன்மேல் புஸ் புஸ் என்று அடிக்க வேண்டும். பெண் பூ மகரந்தத்தை ஏற்கும் பக்குவத்தில் இருப்பது இரண்டு மூன்று நாள்தான், அதனால் இன்றைக்குப் போன நிரைக்கே மறுபடி மறுபடி போக வேண்டும். கையெல்லாம் முள் கீறல், தலையெல்லாம் பவுடர். "பேய் மாதிரி வீட்டுக்கு வருவோம்" என்பார்.

சரி, ஒரு மரத்துக்கு மனுஷன் போய் ஏன் மகரந்தம் அடிக்க வேண்டும்? தன் சொந்த ஊரில் அது யாருடைய உதவியும் இல்லாமல் காய்க்கிற மரம்தானே?

சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. 1848இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்துக்கு நான்கே நான்கு கன்றுகள் வந்தன. மலாயாவில் வணிகத்துக்காக முதலில் நட்டது 1917இல், கோலசிலாங்கூர் பக்கம் தென்னமரம் தோட்டத்தில். மரம் வந்தது, நன்றாக வளர்ந்தது, குலையும் தள்ளியது. ஆனால் குலையைப் பிளந்து பார்த்தால் பாதிக்குப் பாதி பொக்கு. காரணம் கேட்டால் அந்தக் காலத்து நிபுணர்களிடம் தயார் பதில் இருந்தது. செம்பனை காற்றால் மகரந்தச் சேர்க்கை நடக்கிற மரம், இங்கே மழையும் ஈரமும் அதிகம், மகரந்தம் சரியாகப் பறக்கவில்லை, அவ்வளவுதான். ஒன்றும் முட்டாள்தனமான பதில் இல்லை. செம்பனை மகரந்தம் லேசானது, ஒரு ஆண் பாளையைத் தட்டினாலே புகை மாதிரி கிளம்பும். கண்ணுக்கு எதிரே காற்றில் பறக்கிற ஒன்றைப் பார்த்துக் காற்றுதான் கொண்டுபோகிறது என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? அதன்படிதான் பெரியம்மா கையில் குப்பி வந்தது.

இதில் லெஸ்லி டேவிட்சன் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் வருகிறார். யூனிலீவர் நிறுவனத்தின் தோட்டங்களில் துரையாக இருந்தவர். மலாயாவிலும் வேலை பார்த்திருக்கிறார், 1950களில் கேமரூனிலும் பார்த்திருக்கிறார். எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இரண்டு இடத்தையும் பார்த்த கண்தான். கேமரூனில் யாரும் மகரந்தம் அடிப்பதில்லை, ஆனால் குலை நிறையப் பழம். அங்கே ஆண் பாளை விரிந்தால் குட்டிக் குட்டி வண்டுகள் மொய்த்துக் கிடக்கும். இங்கே அந்த வண்டைக் காணோம். அப்போ வண்டுதான் வேலை செய்கிறதோ?

பொறி தட்டியது என்று சொல்வோமே, அதுதான் இது. மின்னல் மாதிரி வானத்திலிருந்து விழுவது என்றுதான் நாம் கதை கட்டி வைத்திருக்கிறோம், ஆனால் பக்கத்தில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: இரண்டு இடத்தை, இரண்டு பொருளைத் தெரிந்த ஒருவர் அவற்றை மனசுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார், ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லை என்பது உறைக்கிறது. கேமரூனிலேயே இருந்தவருக்கு வண்டு ஒரு விஷயமே இல்லை, குளுவாங்கிலேயே இருந்தவருக்கு அப்படி ஒரு வண்டு இருப்பதே தெரியாது.

ஆனால் டேவிட்சனின் எண்ணத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வருஷங்கள் ஓடின. 1970களில் அவரே யூனிலீவர் தோட்டப் பிரிவின் தலைவரான பிறகுதான் காசு ஒதுக்கி, ரஹ்மான் சையத் என்கிற பாகிஸ்தான் பூச்சியியல் அறிஞரைக் கேமரூனுக்கு அனுப்ப முடிந்தது. (நாற்காலி இல்லாதவர் மூளையில் தட்டிய பொறிகள் எத்தனை அப்படியே அணைந்து போயினவோ, அது தனிக் கதை.)

சையத் செய்த வேலையைத்தான் நான் ரசித்து ரசித்துப் படித்தேன். வண்டு மொய்க்கிறது என்பது வேறு, வண்டுதான் சூல் பிடிக்க வைக்கிறது என்பது வேறு. கோயில் பிரசாதத்தில் ஈ மொய்க்கிறது என்பதற்காக ஈதான் பிரசாதம் செய்தது என்று சொல்ல முடியுமா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது? பெண் பாளை விரியும் முன்பே அதற்கு உறை கட்ட வேண்டும். ஒரு பாளைக்கு எதுவும் உள்ளே போகாத கெட்டித் துணி. இன்னொன்றுக்குக் காற்றும் மகரந்தமும் போகும், பூச்சி போகாது என்கிற அளவுக்குக் கண் உள்ள வலைத்துணி. மூன்றாவதை அப்படியே திறந்து விடுவது. காற்றுதான் ஆள் என்றால் வலை கட்டியதும் திறந்து விட்டதும் ஒரே மாதிரி காய்க்க வேண்டும். பூச்சிதான் என்றால் வலைக்குள் இருப்பது பொக்காக வேண்டும். பூச்சியை மறித்த பாளைகளில் காய்ப்பு விழுந்துவிட்டது. பல வருஷத்துக் 'காற்று' கதையை ஒரு துணித் துண்டு முடித்து வைத்தது.

இந்தச் சோதனையில் உங்கள் எண்ணம் தோற்பதற்கும் வழி வைத்திருப்பதைப் பாருங்கள். கறார் என்றால் என்னைப் பொறுத்தவரை இதுதான்: எது நடந்தால் நான் சொன்னது தப்பு என்று ஒத்துக்கொள்வேன் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு, பிறகு அது நடக்கிறதா என்று போய்ப் பார்ப்பது.

இந்தக் கறார் புதிதாக ஒன்றையும் காட்டிக் கொடுத்தது, அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. சையத் மலேசிய மரங்களையும் ஆராய்ந்தார். தீபகற்ப மலேசியாவில் பாதியாவது காய்த்ததே, அதுவும் முழுக்கக் காற்றின் வேலை இல்லை, ஏற்கனவே இங்கிருந்த இலைப்பேன் என்ற பொடிப் பூச்சியும் தன்னால் முடிந்த மட்டும் மகரந்தம் சுமந்துகொண்டிருந்தது. டேவிட்சனின் பொறியில் இலைப்பேனே கிடையாது. இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். சட்டென்று, "ஆமா, பூவுக்குள்ள நுணுக்கு நுணுக்கா என்னமோ ஓடும், கையில ஏறி நமநமன்னு இருக்கும், தட்டி விட்டுட்டு அடிப்போம்" என்றார். அவர் பார்த்திருக்கிறார்! அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் அது கேட்க வேண்டிய விஷயம் என்று நினைக்கவில்லை.

கேமரூன் வண்டின் பெயர் எலெய்டோபியஸ் காமருனிகஸ். கூன்வண்டு வகை, எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. அது வேலை செய்கிற விதம் வேடிக்கையானது. ஆண் பாளை விரியும்போது சோம்பு வாசனை வரும், கொப்பிக் கடைக்காரர் கறி மசாலா அரைக்கிறாரோ என்று நினைக்கத் தோன்றும் அளவுக்கு. அந்த வாசனைக்கு வண்டு வருகிறது, அங்கேயே தின்று, அங்கேயே முட்டையிட்டு, வாடிய ஆண் பூவைத் தின்றே அதன் புழுவும் வளர்கிறது. பெண் பாளையும் அதே வாசனையை விட்டு விட்டு வீசும். ஏமாந்த வண்டு மேலெல்லாம் மகரந்தத்தோடு அங்கே போகிறது, தின்ன ஒன்றும் இல்லை, கொஞ்ச நேரம் சுற்றித் திரிந்துவிட்டுக் கிளம்புகிறது. அந்த வீண் அலைச்சல்தான் நமக்குப் பழம். ஒரு மரம் கொஞ்ச காலம் ஆண், கொஞ்ச காலம் பெண் என்று மாறி மாறிப் பாளை தள்ளுவதால், மகரந்தம் பெரும்பாலும் வேறு மரத்திலிருந்துதான் வந்தாக வேண்டும். அதற்குத்தான் இந்தத் தூதர்.

வண்டுதான் என்று தெரிந்துவிட்டது, உடனே ஒரு டப்பாவில் பிடித்துக்கொண்டு வந்து விட்டுவிடலாமா? கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று 1935இல் ஆஸ்திரேலியாவில் ஒரு தேரையை விட்டார்கள். அது கரும்பு வண்டைக் கட்டுப்படுத்தவில்லை, மற்றதையெல்லாம் தின்று நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் பெருகியது. அதனால் இந்த வண்டு வேறு செடிகளில் பிழைக்குமா என்று சோதித்தார்கள். செம்பனையின் ஆண் பூ இல்லாமல் அதனால் பெருக முடியாது என்று தெரிந்தது. அப்புறம் இங்கே கொண்டுவந்து அடைத்த அறையில் வளர்த்து, ஒட்டுண்ணியோ நோயோ கூடவே வரவில்லை என்று பார்த்து, 1981 பிப்ரவரியில் நம்ம குளுவாங் பக்கத்துப் பாமோல் தோட்டத்தில்தான் முதலில் பறக்க விட்டார்கள். சுமார் ஒரு வருஷத்தில் தீபகற்பம் முழுக்கப் பரவிவிட்டது. குலையில் 50 சதவீதத்தை ஒட்டி இருந்த காய்ப்பு 70ஐத் தொட்டது. கணக்குப் போட்டவர்கள் ஒன்றை விட்டுவிட்டார்கள்: குலை கனத்ததும் மரம் களைத்து, குலைகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டது. ஆலைகளிலோ செம்பனைக் கொட்டையின் பருப்பு குவிந்தது.

பொறி மட்டும் போதும் என்று நினைப்பவர்களுக்கு நம்ம ராமானுஜனையே காட்டலாம். 1913இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதியபோது, பகா எண்களை எண்ணுவதற்குத் தன்னிடம் ஏறக்குறைய பிசகாத சூத்திரம் இருப்பதாக நம்பினார். சின்ன எண்களுக்குப் போட்டுப் பார்த்தால் அசத்தும். ஆனால் பிழை அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வளர்ந்துகொண்டே போகும். பகா எண்கள் எப்படி ஏமாற்றும் என்பதை 1914இல் ஹார்டியின் கூட்டாளியான கணித அறிஞர் லிட்டில்வுட் நிறுவினார். எண்ணிப் பார்த்த இடம் வரை எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லும் ஒரு பழைய சூத்திரம், எங்கோ தொலைதூரத்தில் தலைகீழாகிக் குறைத்துச் சொல்லும், அதுவும் முடிவில்லாத தடவை. அப்படிப் புரளும் ஒரு எண்ணைக்கூட இன்றுவரை யாரும் நேரில் கண்டதில்லை. எத்தனை லட்சம் உதாரணம் பொருந்தினாலும் நிரூபணம் ஆகாது என்பதற்கு இதைவிடக் கொடூரமான பாடம் எனக்குத் தெரியவில்லை. அதற்காக ராமானுஜன் குறைந்துவிடவில்லை, அவர் எழுதியதில் பெரும்பாலானவை சரியாகத்தானே இருந்தன.

இதையெல்லாம் படித்த ஜோரில், போன வருஷம் பெரியம்மா வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மரங்களில் நானும் அவர் பேரனும் உறை கட்டிப் பார்த்தோம். ஒன்றுக்குப் பழைய திரைச்சீலை, ஒன்றுக்குக் கொசுவலை, ஒன்று சும்மா. மாதங்கள் கழித்துக் குலையை வெட்டிப் பிளந்தால் மூன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரி! காற்றுக் கட்சி ஜெயித்துவிட்டதோ என்று ஒரு நிமிஷம் வயிற்றைக் கலக்கியது. பெரியம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்னைக்குக் கட்டினீங்க?" என்றார். தேதி சொன்னேன். "அன்னைக்கு மரத்தடியில சோம்பு வாசம் அடிச்சுதா?" அடித்தது, நன்றாக ஞாபகம் இருக்கிறது, நாங்கள் அதைப் பேசிக்கொண்டே கட்டினோம்.

"அப்போ வண்டு வந்துட்டுப் போனதுக்கு அப்புறம் கதவைச் சாத்தியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு உதிரிப் பழத்தைப் பொறுக்க ஆரம்பித்தார்.