இ.ஓ.டி. – வெடிபொருள் ஒழிப்பு

எக்ஸ்ப்ளோசிவ் ஆர்ட்னன்ஸ் டிஸ்போசல் என்பதன் சுருக்கம் இ.ஓ.டி. நம் செய்தித்தாள்கள் இதை ‘வெடிகுண்டு செயலிழப்பு’ என்று எழுதுவதில் பாதிப் பொருள்தான் வருகிறது. கண்டறிவது, இன்ன வகை என்று அடையாளம் காண்பது, இடத்திலேயே மதிப்பிடுவது, செயலிழக்கச் செய்வது, மீட்பது, கடைசியில் அழிப்பது எல்லாம் சேர்ந்ததே இ.ஓ.டி. செயலிழப்பு அதில் ஒரு கட்டம். பல வேளைகளில் அதற்கு வேலையே இருக்காது. கிடந்த இடத்திலேயே வெடிக்க வைத்துவிடுவார்கள்.

ஆர்ட்னன்ஸ் என்ற சொல் ‘ஒழுங்கு, ஏற்பாடு’ எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நாம் அவசரச் சட்டம் என்கிற ஆர்டினன்ஸுக்கும் வேர் அதுவே. போருக்கான ஏற்பாட்டைக் குறித்தது, பிறகு பீரங்கியையும் தளவாடத்தையும் குறிக்கலாயிற்று.

‘பாம் டிஸ்போசல்’ என்ற பெயர் பரவலானது 1940இல், ஜெர்மானியர் லண்டன்மேல் குண்டு வீசியபோது. ஃபியூஸ் என்பது குண்டை வெடிக்கத் தூண்டும் கருவி. அவர்களுடைய 17ஆம் எண் கடிகார ஃபியூஸ் 72 மணி நேரம் வரை காத்திருந்து வெடிக்கும். குண்டை அசைத்தால் வெடிப்பதற்கு 50ஆம் எண் ஃபியூஸ். பிரிட்டிஷ் படை இவற்றை ஆட்களைப் பலிகொடுத்துத்தான் கற்றது. அப்போது பிரிட்டிஷ் கடற்படையில் தன்னார்வலராகக் குண்டு அகற்றிய அமெரிக்கர் டிரேப்பர் காஃப்மன், நாடு திரும்பி 1942 ஜனவரியில் அமெரிக்கக் கடற்படையின் முதல் பாம் டிஸ்போசல் பள்ளியைத் தொடங்கினார். ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குக் கற்றுக்கொடுப்பது இத்துறை பிறந்தபோதே தொடங்கிய வழக்கம். பிறகு எறிகணை, ஏவுகணை, கண்ணிவெடி எல்லாம் சேர்ந்தபோது பெயரும் இ.ஓ.டி. என விரிந்தது.

இன்று ஃபுளோரிடாவின் எக்ளின் விமானத் தளத்திலுள்ள அமெரிக்கப் பள்ளியில் நேச நாட்டு வீரர்களும் பயில்கிறார்கள். ஸ்லோவாக்கியாவின் டிரென்சீனில் நேட்டோவின் இ.ஓ.டி. மையம் இருக்கிறது. ராணுவமே இல்லாத ஐஸ்லாந்தில், கடலோரக் காவல்படை ‘நார்தர்ன் சேலஞ்ச்’ என்ற பன்னாட்டுப் பயிற்சியை நடத்துகிறது.

பல நாட்டார் ஒன்றாக வேலை செய்ய, யாருக்கு எதுவரை அனுமதி என்பது தெளிவாக இருக்க வேண்டும். ராணுவத்துக்கு நேட்டோ போன்ற கூட்டணிகளின் தரங்கள் உண்டு. மக்களுக்காகக் கண்ணிவெடி போன்றவற்றை ஒழிக்கும் மனிதாபிமானப் பணிக்கான பன்னாட்டுத் தரம், தகுதியைப் படிகளாகப் பிரிக்கிறது. முதல் படியில் உள்ளவர், தனக்குக் கற்பிக்கப்பட்ட வகைகளை மட்டும், ஒவ்வொன்றாக, கிடந்த இடத்திலேயே அழிக்கலாம். இரண்டாம் படியில் பாதுகாப்பானது என முடிவானதை எடுத்துச் செல்லலாம், பலவற்றை ஒரே நேரத்தில் அழிக்கலாம். மூன்றாம் படியில்தான் செயலிழக்கச் செய்யும் பயிற்சி. ரசாயனக் குண்டு, கைத்தயாரிப்புக் குண்டு போன்றவற்றுக்கு அதற்கும் மேல் தனிப் பயிற்சி வேண்டும். சுட்டும் வெடிக்காத எறிகணையின் ஃபியூஸ் எந்த நிலையில் நிற்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. முதல் படி ஆளைத் தொடவிடாததற்குக் காரணம் அதுதான்.

டிஸ்போசல் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? இந்த அளவுகோலில் வைத்தால் ‘அகற்றல்’, ‘அப்புறப்படுத்தல்’ இரண்டும் இடறுகின்றன. இரண்டிலும் எடுத்துச் செல்வது தொனிக்கிறது. ‘வெடிபொருள் ஒழிப்பு’ பொருந்தும். கொசு ஒழிப்பை நினைவூட்டினாலும் பொருளில் பிழையில்லை. முழுக் குண்டையோ எறிகணையையோ வெடிபொருள் என்றும், உள்ளே அடைத்திருப்பதை வெடிமருந்து என்றும் பிரித்து எழுதுவது நல்லது.

ஃபியூஸை ‘உருகி’ என்று பெயர்ப்பது பெரிய தவறு. உருகி மின்சாரப் பெட்டியில் இருப்பது. அந்த ஃபியூஸின் பெயருக்கு வேர் ‘உருக்குதல்’ எனப் பொருள்படும் லத்தீன் சொல். குண்டின் ஃபியூஸுக்கு வேர் நூற்கும் கதிரைக் குறிக்கும் லத்தீன் சொல். பழைய ஃபியூஸ் அந்த வடிவக் குழாய். இங்கே ‘வெடிதூண்டி’ எனலாம்.

மைன் என்பதற்கு ஈழத்து வழக்கே கூர்மையானது. ஆள் மிதித்தால் வெடிப்பது அங்கே மிதிவெடி. தமிழ்நாட்டு நாளிதழ்கள் எல்லாவற்றையும் கண்ணிவெடி என்றே எழுதுகின்றன.